பட்டா இல்லாத வெளி: விண்வெளிச் சட்டத்துக்கு ஓர் அறிமுகம்

சேலம் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்துபோன நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அதனால் அதை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் அதன்மேல் இஸ்ரோ சோதித்துப் பார்த்தது. எங்கள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையும் அந்தப் பணிக்குக் கைகொடுத்தது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். சற்றுப் பெருமையோடும் சொல்லிக்கொள்வோம். நான் சேலத்தில் நில வழக்குகளை நடத்திவருபவன் என்பதால், எனக்கு அது ஒரு கேள்வியாக வந்து நின்றது. சித்தம்பூண்டியில் ஒருவர் கல் வெட்ட வேண்டுமானால், நிலம் பட்டாவா புறம்போக்கா, குவாரிக் குத்தகை இருக்கிறதா, அரசுக்குக் கனிமக் கட்டணம் கட்டியாயிற்றா என்று பத்துத் தாள்களைப் புரட்ட வேண்டும். அதே கல் நிலவில் கிடந்தால் எந்தத் தாளைப் புரட்டுவது?

புரட்டுவதற்குத் தாள் இருக்கிறது. ஆனால் அதில் உரிமையாளர் பெயர் எழுதும் கட்டமே இல்லை. விண்வெளியில் யார் என்ன செய்தாலும் அதற்கு எந்த நாடு பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் அந்தத் தாள் வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விண்வெளிச் சட்டத்தின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக், எந்த நாட்டிடமும் அனுமதி கேட்காமல் பல நாடுகளின் தலைக்கு மேலே சுற்றி வந்தது. தன் எல்லை மீறப்பட்டது என்று எந்த நாடும் முறையிடவில்லை. ஒருவருடைய வயல் வரப்பில் ஊரார் நடந்து நடந்து, நிலக்காரரும் தடுக்காமலே இருந்து, கடைசியில் அது பாதையாகிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நாடுகளுக்கிடையிலான சட்டமும் ஓரளவு அப்படித்தான் வழக்காற்றிலிருந்து முளைக்கிறது. மறு ஆண்டே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இதற்கென ஒரு தற்காலிகக் குழுவை அமைத்தது. 1959-இல் அது நிரந்தரக் குழுவாயிற்று. விண்வெளியை அமைதி வழியில் பயன்படுத்துவதற்கான அக்குழு இன்று வியன்னாவில் கூடுகிறது. 1963-இல் பொதுச்சபை அடிப்படைக் கொள்கைகளைத் தீர்மானமாக அறிவித்தது. அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டமாக மாற்றிய விண்வெளி உடன்படிக்கை, 1967 ஜனவரி 27 அன்று லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் ஆகிய மூன்று நகரங்களிலும் கையெழுத்துக்காக வைக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று 110-க்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. இந்தியா 1967-இலேயே கையெழுத்திட்டது. ஆனால் ஏற்புறுதி, அதாவது கட்டுப்படுகிறோம் என்ற இறுதி ஒப்புதல், அளித்தது 1982-இல்தான்.

இவ்வளவு விரைவாக வல்லரசுகள் ஒத்துப்போனதற்கு நல்லெண்ணம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தபோது, அதன் கதிர்வீச்சு அப்போது சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் சிலவற்றைச் செயலிழக்கச் செய்தது. மேலே வெடிக்கும் குண்டுக்குத் தன் கோள், பிறர் கோள் என்ற வேறுபாடு தெரியாது என்பது அப்போது புரிந்தது. அதோடு, நிலவில் முதலில் கால் வைக்கப்போவது யார் என்பது 1960-களின் நடுவில் இரு தரப்புக்கும் தெரியாது. தான் தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் இருவரிடமும் இருந்தபோது, யார் வென்றாலும் நிலவு வென்றவருக்குச் சொந்தமில்லை என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இருவருக்கும் ஆதாயமாக இருந்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சண்டை வருவதற்கு முன் எழுத வேண்டும் என்று நான் கட்சிக்காரர்களிடம் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

உடன்படிக்கையின் முதல் பிரிவு, விண்வெளியை ஆராயவும் பயன்படுத்தவும் எல்லா நாடுகளுக்கும் வேறுபாடின்றி உரிமை உண்டு என்கிறது. இரண்டாம் பிரிவு ஒரே வாக்கியம்: நிலவும் பிற வான்பொருள்களும் உட்பட விண்வெளியை, இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறெந்த வழியிலோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது.

இந்த ஒரு வாக்கியத்தின் கூர்மையை நில வழக்குகளோடு பழகியவர்கள் உடனே உணர்வார்கள். நம் ஊரில் புறம்போக்கு நிலத்தில் ஒருவர் குடிசை போட்டுக்கொள்வார். ஆக்கிரமிப்புக்கு அபராதம் விதித்து பி மெமோ வரும். அபராதம் கட்டிய ரசீதையே பத்திரமாக வைத்திருந்து, பின்னொரு நாளில் பட்டா கேட்டு நீட்டுவார். தனியார் நிலத்தை உரிமையாளர் அறிய, தடையின்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்துவிட்டு எதிரிடை அனுபவ உரிமை கோரி நீதிமன்றம் வருபவர்களும் உண்டு. இரண்டாம் பிரிவில் உள்ள பயன்படுத்தியோ, குடியேறியோ என்ற சொற்கள் இந்த வாசலைத்தான் அடைத்துவிடுகின்றன. ஒரு நாடு நிலவில் நூறு ஆண்டுகள் தளம் அமைத்து இருந்தாலும், அந்த நூறு ஆண்டு அனுபவம் ஒரு சதுர அடி நிலத்தைக்கூட அதற்கு உரிமையாக்காது.

புறம்போக்கு என்ற ஒப்புமை ஓரளவுக்குத்தான் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புறம்போக்குக்கு அரசு என்ற உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். வட்டாட்சியர் வந்து ஆக்கிரமிப்பை அகற்றலாம். விண்வெளிக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஐ.நா. அதன் உரிமையாளரும் அல்ல, காவலரும் அல்ல. பழைய காலத்து மேய்ச்சல் மந்தைவெளியைத்தான் நெருக்கமான உவமையாகச் சொல்லலாம்: எல்லோர் மாடும் மேயலாம், யாரும் வேலி போடக்கூடாது.

1969 ஜூலையில் அமெரிக்கர்கள் நிலவில் கொடி நட்டார்களே என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. கொடி நடுவது தேசப் பெருமையின் அடையாளம் மட்டுமே, அதை இறையாண்மைக் கோரலாகக் கொள்ளக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமே அவ்வாண்டு ஒரு சட்டத்தில் எழுதி வைத்தது. பெயர் வைப்பதும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்கு இந்தியா சூட்டிய சிவசக்தி என்ற பெயரைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2024 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. பெயர் நம்முடையது, இடம் நம்முடையது அன்று. ஆனால் அங்கே நிற்கும் விக்ரம் கலமும் பிரக்யான் ஊர்தியும் இந்தியாவின் சொத்துகளே. விண்ணில் இருப்பதாலோ வேறொரு வான்பொருளில் இறங்கியதாலோ ஒரு பொருளின் உரிமை மாறாது என்று எட்டாம் பிரிவு சொல்கிறது. நிலம் ஒருவருடையதும் அன்று, நிலத்தின்மேல் நிற்பது மட்டும் ஒருவருடையது என்ற இந்த நிலை நம் சொத்துச் சட்டத்தில் பழகியவர்களுக்கு முதலில் விசித்திரமாகத்தான் தோன்றும்.

இடையில் ஒரு வார்த்தை. நிலவில் மனை வாங்கி மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டிலும் அவ்வப்போது வருகின்றன. அமெரிக்காவில் ஒருவர் 1980 முதல் இந்த விற்பனையை நடத்திவந்தார். உடன்படிக்கை நாடுகளைத்தான் தடுக்கிறது, தனிமனிதனைத் தடுக்கவில்லை என்பது அவருடைய வாதம். சொத்துரிமையை ஏற்றுப் பதிவு செய்து காப்பாற்ற ஓர் அரசு வேண்டும். அந்த அரசுக்கே அங்கு உரிமை இல்லாதபோது, அதன் குடிமகனுக்கு மட்டும் எங்கிருந்து உரிமை பிறக்கும்? அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வில்லங்கச் சான்றுதான் எந்தச் சார்பதிவாளரும் தரமாட்டார்.

விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பது எளிய கேள்வியாகத் தெரியும். ஆனால் உடன்படிக்கை அதற்கு விடை தரவில்லை. ஓமலூர் அருகே காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்கும் விமானம் இந்தியாவின் வான்வெளியில் பறக்கிறது. 1944-ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைப்படி அந்த வான்வெளி முழுவதும் இந்தியாவின் இறையாண்மைக்கு உட்பட்டது. அனுமதியின்றி அயல்நாட்டு விமானம் நுழைய முடியாது. அதே ஊருக்கு நேர் மேலே கடக்கும் அயல்நாட்டுச் செயற்கைக்கோளுக்கோ எந்த அனுமதியும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? 100 கிலோமீட்டர் உயரத்தைக் கார்மன் கோடு என்று பலரும் எல்லையாகக் கொள்கிறார்கள்; சேலத்திலிருந்து கரூர் போகும் தூரத்தை நிமிர்த்தி வைத்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் எந்தப் பன்னாட்டு உடன்படிக்கையிலும் அது எல்லையாக எழுதப்படவில்லை. எல்லைக்கல் இல்லாமலே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெரிய வழக்கின்றிக் காலம் ஓடியிருக்கிறது என்பது, எல்லைக்கல் வழக்குகளிலேயே தலை நரைத்த எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இதன் ஒரு விளைவை மலைக்காரர்கள் கவனிக்கலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தைப் படம் பிடிக்க ட்ரோன் பறக்கவிட்டால் அதற்கு விதிகள் இருக்கின்றன. சேர்வராயன் மலை முழுவதையும் ஓர் அயல்நாட்டுச் செயற்கைக்கோள் நாள்தோறும் படம் பிடித்தாலும் நம் அரசின் இசைவு அதற்குத் தேவையில்லை. 1986-இல் ஐ.நா. ஏற்ற தொலையுணர்வுக் கொள்கைகள் இந்த நிலையை ஒப்புக்கொண்டு, படம் பிடிக்கப்பட்ட நாட்டுக்கும் அந்தத் தரவுகள் பாகுபாடின்றி, நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்ற அளவில் நின்றுவிட்டன.

இனி பொறுப்புக்கு வருவோம். விண்வெளிச் சட்டத்தின் முதுகெலும்பு அதுதான். 1967 உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, ஒரு நாட்டைச் சேர்ந்த தனியார் விண்வெளியில் செய்வதும் அந்த நாட்டின் செயலாகவே கருதப்படும் என்கிறது. எனவே அரசு தனியாருக்கு அனுமதி வழங்க வேண்டும். அனுமதியோடு விட்டுவிடாமல் தொடர்ந்து மேற்பார்வையும் இட வேண்டும். பன்னாட்டுச் சட்டத்தின் மற்ற துறைகளில் இது வழக்கமன்று. சேலத்து ஏற்றுமதியாளர் ஒருவர் வெளிநாட்டு வணிகரிடம் ஒப்பந்தத்தை மீறினால் இந்திய அரசு அதற்குப் பொறுப்பாகாது. அதே சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிறு செயற்கைக்கோள் ஒன்றைச் செய்து விண்ணில் விட்டு, அது எங்கோ ஒருவருக்குச் சேதம் விளைவித்தது என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்ல வேண்டியது புது தில்லி. சிறுபிள்ளை செய்த வெள்ளாமை வீடு வந்து சேராது என்பார்கள். இங்கே அதன் கணக்காவது வீடு வந்து சேர்ந்துவிடும்.

இழப்பீட்டை 1972-ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை விரிவாக வகுக்கிறது. அதில் ஏவும் நாடு என்பதற்கு நான்கு பொருள் உண்டு: ஏவிய நாடு, ஏவச் செய்த நாடு, எந்த நாட்டு மண்ணிலிருந்து ஏவப்பட்டதோ அந்நாடு, எந்த நாட்டின் ஏவுதள வசதி பயன்பட்டதோ அந்நாடு. ஒரே கோளுக்கு இப்படி இரண்டு மூன்று நாடுகள் சேர்ந்துவிட்டால், அவை கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாகும். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தச் சொற்றொடரின் கனம் தெரியும்: கடன் கொடுத்தவர் மூவரில் எவரையும் பிடித்து முழுத் தொகையையும் கேட்கலாம், மற்றவர்களிடம் பங்கை வசூலித்துக்கொள்வது கட்டியவர் பாடு. 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுசென்றது. அவற்றில் 101 வெளிநாட்டினுடையவை. நாடே கைதட்டிய அந்த நாளில், அந்த 101 கோள்களுக்கும் இந்தியா ஏவும் நாடாகவும் ஆயிற்று. அந்தத் தகுதிக்குக் காலாவதியும் கிடையாது.

சேதம் எங்கே நேர்ந்தது என்பதைப் பொறுத்து விதி இரண்டாகப் பிரிகிறது. பூமியின் பரப்பிலோ பறக்கும் விமானத்துக்கோ சேதம் விளைந்தால், தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. ஏவிய நாடு கொடுத்தே தீர வேண்டும். குவாரியில் வெடி வைத்ததில் கல் பறந்துவந்து ஓட்டைப் பிளந்துவிட்டால், கவனமாகத்தான் வெடித்தோம் என்ற சமாதானத்தை வீட்டுக்காரர் ஏற்பாரா? அதே நியாயம்தான். விண்வெளியிலேயே இரண்டு கலங்கள் மோதிக்கொண்டால் மட்டும் யார் மீது தவறு என்று நிறுவ வேண்டும்.

முதல் வகைக்கு வரலாற்றில் பெரிய எடுத்துக்காட்டு ஒன்றுதான் இருக்கிறது. 1978 ஜனவரி 24 அன்று அணு உலை தாங்கிய சோவியத் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 954 கனடாவின் வடமேற்குப் பகுதியில் சிதறி விழுந்தது. பனிப் பரப்பில் கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிய செலவுக்காகக் கனடா ஏறத்தாழ 60 லட்சம் கனடா டாலர் கேட்டது. 1981-இல் 30 லட்சத்தில் கணக்கு முடிந்தது. வழக்குமன்றம் போகாமல் பேசித் தீர்த்துக்கொண்ட சமரசம் அது. பேரத்தில் பாதியில் முடிவது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

நம் தலையில் விழுந்தால்? 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்றும் கோள வடிவக் கலன்களும் விழுந்தன. சீன ராக்கெட் ஒன்றின் மிச்சங்களாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் கணித்தார்கள். அப்படியொன்று சேலத்தில் ஒருவர் வீட்டின்மேல் விழுந்தால், அவர் நேரடியாகச் சீனாவின்மீது இந்த உடன்படிக்கையின்படி வழக்குத் தொடுக்க முடியாது. அவருக்காக இந்திய அரசுதான் தூதரக வழியில் ஓராண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும். விழுந்தது இஸ்ரோவின் ராக்கெட் துண்டு என்றால் பொறுப்பு உடன்படிக்கை அவருக்கு உதவவே உதவாது, ஏனெனில் ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அது பொருந்தாது என்று ஏழாம் பிரிவு ஒதுக்கிவிடுகிறது. அவர் நம் நாட்டுச் சட்டப்படி நம் நீதிமன்றத்தையே நாட வேண்டும். விழுந்தது இயற்கையான விண்கல் என்றால் ஒருவருமே பொறுப்பில்லை. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே நேர்ந்த வெடிப்பில் ஒருவர் இறந்தபோது, அது விண்கல் என்று ஒரு பக்கமும், தரையில் நிகழ்ந்த வெடிப்புப்போலவே தெரிகிறது என்று நாசா அறிவியலாளர்கள் மறுபக்கமும் சொன்னார்கள். அறிவியல் சண்டையாகத் தெரிந்த அதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு: மனிதன் செய்து அனுப்பிய பொருளுக்குத்தான் ஏவும் நாடு இருக்கிறது.

விழுந்த பொருளை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். 1968-ஆம் ஆண்டின் மீட்பு உடன்படிக்கைப்படி, கண்டெடுத்த நாடு உரிய நாட்டுக்கும் ஐ.நா.வுக்கும் தெரிவிக்க வேண்டும். உரிய நாடு கேட்டால் திருப்பித் தர வேண்டும். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தபோது இந்த உடன்படிக்கைகளைத்தான் சுட்டியது. எனவே வயலில் விழுந்த உலோகத்தைக் காயலான் கடைக்கு எடை போட்டுவிட வேண்டாம். பழைய கலன்களில் நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம் என்பது சட்டத்தைவிட முக்கியமான காரணம்.

விண்வெளியிலேயே நேரும் மோதல் என்ற இரண்டாம் வகைதான் இன்று தலைவலி. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற ஒரு விதி இருப்பதால், மோதல் நேர்ந்தால் தவறு யாருடையது என்று ஒருவாறு சொல்லிவிடலாம். விண்வெளியில் எந்தக் கலம் எந்தக் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் விதி ஏதும் இல்லை. மற்ற நாடுகளின் நலனுக்கு உரிய மதிப்பளித்து நடக்க வேண்டும் என்ற, 1967 உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவில் உள்ள பொதுவான சொல் மட்டுமே உண்டு. விதி இல்லாத இடத்தில் தவறை எப்படி நிறுவுவது? 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, செயலிழந்த ரஷ்யக் கோள் காஸ்மாஸ் 2251-ம், இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் தனியார் கோள் இரிடியம் 33-ம் மோதித் தூள்தூளாயின. உயிரோடு இருந்தது விலகியிருக்க வேண்டுமா, செத்ததை வழியில் விட்டுவைத்தது தவறா என்ற கேள்வி எந்தத் தீர்ப்புமின்றி அப்படியே நிற்கிறது.

குப்பை பெருகுவதற்கு விபத்து மட்டும் காரணமன்று. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைக் கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்ததில், கண்காணிக்கத்தக்க அளவுள்ள துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல் சிதறின. இந்தியா 2019 மார்ச் 27 அன்று ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் அத்தகைய சோதனையைச் செய்தது. உயரம் குறைவானதால் துண்டுகள் விரைவில் விழுந்து எரிந்துவிடும் என்பது அரசின் விளக்கம். பெரும்பாலானவை அப்படியே விழுந்தன என்றாலும், சில துண்டுகள் மேலே தூக்கியெறியப்பட்டு எதிர்பார்த்ததைவிட நெடுநாள் சுற்றின. 2021 நவம்பரில் ரஷ்யாவும் ஒரு கோளைத் தகர்த்தது. இவற்றில் எதுவும் 1967 உடன்படிக்கையை நேரடியாக மீறியதாகக் காட்ட முடியாது. நான்காம் பிரிவு அணு ஆயுதங்களையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைப்பதைத்தான் தடுக்கிறது, சாதாரண ஆயுதங்களைத் தடுக்கவில்லை. அன்றைய அச்சம் அணுகுண்டாக இருந்ததால் அதற்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள்.

ஓட்டையை அடைக்கப் புதிய உடன்படிக்கை எழுதலாமே என்றால், அங்கேதான் சிக்கல். வியன்னாக் குழு வாக்கெடுப்பு நடத்துவதில்லை. ஒருவரும் மறுக்காதபோதுதான் முடிவு. பதினெட்டு நாடுகளோடு தொடங்கிய குழுவில் இன்று நூறுக்கு மேல். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் தலையாட்டாவிட்டாலும் கோயில் திருவிழா நின்றுபோகும் என்ற நிலையைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதனால் 1979-க்குப் பிறகு அங்கிருந்து புதிய உடன்படிக்கை எதுவும் பிறக்கவில்லை. பதிலுக்கு வழிகாட்டு நெறிகள் வந்தன: குப்பைக் குறைப்புக்கு 2007-இல் ஒன்று, விண்வெளியை நெடுங்காலம் பயன்படுத்தத்தக்கதாக வைத்திருக்க 2019-இல் 21 நெறிகள். இவற்றை மீறினால் தண்டனை இல்லை. ஆனாலும் வெற்றுத்தாள் என்று நான் ஒதுக்கமாட்டேன். நாடுகள் இவற்றைத் தம் உள்நாட்டு உரிம நிபந்தனையாக எழுதிக்கொள்ளும்போது பல் முளைத்துவிடுகிறது. ஒரு பழைய கோளை உறுதியளித்த உயரத்துக்கு நகர்த்தாமல் கைவிட்டதற்காக, 2023-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

பட்டா இல்லாவிட்டாலும் இடத்துக்குப் போட்டி உண்டு. சேலத்து மொட்டைமாடிகளில் இலவச தூர்தர்ஷன் சேவைக்கான டிஷ் ஆன்டெனாக்கள் எல்லாம் தென்கிழக்கையே பார்த்து நிற்பதற்குக் காரணம், அந்தக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிலையாக நிற்பதுதான். பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் நிலையாகத் தெரியும் அந்த வளையம் ஒன்றே ஒன்று. 1976-இல் கொலம்பியா, கென்யா, இந்தோனேசியா முதலிய எட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, எங்கள் தலைக்கு நேர் மேலே உள்ள பகுதி எங்களுக்கே சொந்தம் என்று அறிவித்தன. உலகம் அதை ஏற்கவில்லை. ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அலைவரிசையையும் இடத்தையும் நாடுகளுக்குப் பகிர்ந்து பதிவு செய்கிறது. பெரும்பாலும் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. சில அலைவரிசைகளில் மட்டும் எல்லா நாட்டுக்கும் பங்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பதிந்துவிட்டு ஏழு ஆண்டுக்குள் கோளை நிறுத்தாவிட்டால் முன்னுரிமை போய்விடும். தன்னிடம் ஒரு கோள்கூட இல்லாத டோங்கா என்னும் தீவு நாடு 1980-களின் இறுதியில் 16 இடங்களுக்கு மனுப்போட்டு, பிறருக்கு வாடகைக்கு விட முயன்ற கதையும் உண்டு. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலையை நாம் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன்.

கடைசியாக, தொடங்கிய கல்லுக்கே திரும்புவோம். நிலம் சொந்தமில்லை, சரி, வெட்டியெடுத்த கல்? எங்கள் ஊர் மூக்கனேரிக்கு யாரும் பட்டா வாங்க முடியாது; அதற்காக ஏரியில் பிடித்த மீன் பிடித்தவனுக்குச் சொந்தமில்லை என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்கா இந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு 2015-இல், தன் குடிமக்கள் விண்வெளியில் எடுக்கும் கனிமம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் இயற்றியது. லக்சம்பர்க், ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான் ஆகியவை பின்தொடர்ந்தன. நிலவுப் பயணங்களுக்கென அமெரிக்கா முன்னின்று 2020-இல் கொண்டுவந்த ஆர்ட்டெமிஸ் இணக்கங்கள் என்னும் பொது நெறிகளும், கனிமம் எடுப்பது தன்னளவில் நிலத்தைத் தனதாக்குவது ஆகாது என்கின்றன. மறுபக்கம், 1979-ஆம் ஆண்டின் நிலவு உடன்படிக்கை நிலவின் வளங்களை மனித குலத்தின் பொதுச் சொத்து என்று அறிவித்து, எடுப்பு தொடங்கும் நிலை வரும்போது பங்கீட்டுக்கு ஒரு பன்னாட்டு ஏற்பாடு வேண்டும் என்றது. அதில் சேர்ந்த நாடுகள் இருபதைத் தாண்டவில்லை. இந்தியா நிலவு உடன்படிக்கையில் 1982-இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி அளிக்கவில்லை. ஆர்ட்டெமிஸ் இணக்கங்களில் 2023 ஜூனில் கையெழுத்திட்டது. இரண்டு வீட்டுத் திண்ணையிலும் துண்டு விரித்திருக்கிறோம் என்பதே என் கணிப்பு.

ஏரி மீன் உவமையும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. நம் ஏரிகளில் மீன்பாசி ஏலம் விடப்படுகிறது. ஏலத்தொகை பொதுக் கணக்குக்கு வருகிறது. மீன் மீண்டும் பெருகும். நிலவின் தென்முனைப் பள்ளங்களில் உறைந்திருப்பதாக நம்பப்படும் நீர் பெருகாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டியபோதுகூட, குத்தகைக்கும் சுரங்க மூடலுக்கும் கேள்வி கேட்க ஓர் அரசு இருந்தது. நிலவில் ஏலம் விடுவது யார், வெட்டிய பள்ளத்துக்குக் கணக்குக் கேட்பது யார் என்பதை 1967-இல் ஒருவரும் எழுதவில்லை. வியன்னாக் குழுவின் சட்டத் துணைக்குழு இதற்கென 2021-இல் ஒரு பணிக்குழுவை அமைத்து, 2027 வரை அதற்குக் காலம் கொடுத்திருக்கிறது.

இதற்கிடையில் நம் நாட்டுக்குள் ஒரு தாள் குறைகிறது. 2017-இல் விண்வெளிச் செயற்பாடுகள் மசோதாவின் வரைவு வெளியிடப்பட்டது, சட்டமாகவில்லை. 2020-இல் அறிவிக்கப்பட்ட இன்ஸ்பேஸ் அமைப்பும் 2023-ஆம் ஆண்டின் விண்வெளிக் கொள்கையுமே தனியாருக்கு அனுமதி வழங்கும் வேலையைப் பார்க்கின்றன. கொள்கை என்பது அரசின் முடிவு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. நாளை இந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் செய்த கோள் அங்கிருந்து ஏறி, மேலே ஒன்றோடு மோதி, இந்தியா இன்னொரு நாட்டுக்கு இழப்பீடு கொடுத்துவிட்டதென்றால், அந்தத் தொகையில் எவ்வளவைப் பட்டறைக்காரரிடமிருந்து அரசு திரும்பப் பெறலாம், அதற்கு உச்சவரம்பு என்ன, காப்பீடு எவ்வளவு எடுத்திருக்க வேண்டும் என்பவற்றை நாடாளுமன்றச் சட்டம் ஒன்றுதான் எழுத வேண்டும். அதுவரை அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைத்தான் அவர் வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.